டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி? ஏழு மாதம் பார்த்த கையோடு எழுதியது

"மாத்திரை இலவசம். ஆறு மாதம் சாப்பிட்டால் நோய் போய்விடும்." மருத்துவமனையில் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த ஆறு மாதமும் விடிகாலையில் எழுந்து ஆளை விழுங்க வைப்பது யார், வாந்தி எடுத்தால் என்ன செய்வது, சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படணுமா வேண்டாமா, பணம் ஏன் வரவில்லை என்று யாரைக் கேட்பது? இதையெல்லாம் ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நோயாளி என் மாமனார். வயது 61, பத்து வருடமாகச் சர்க்கரை. ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். கணவருக்குத் திருப்பூரில் வேலை. வீட்டில் நான், அத்தை, மூன்று வயதுப் பையன். நான் நர்ஸ் இல்லை. உங்கள் வீட்டிலும் நர்ஸ் இருக்கமாட்டார் என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன். இது சாதாரண மருந்துக்கு அடங்கும் நுரையீரல் டி.பி.க்கு மட்டும். மருந்துக்கு அடங்காத வகை என்றால் மாத்திரையும் காலமும் கண்காணிப்பும் வேறு. எலும்பு, மூளை டி.பி.க்கும் காலம் நீளும்.

1. சளியைச் சரியாகக் கொடுங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ச் சளிப் பரிசோதனை கேளுங்கள். நாங்கள் போகவில்லை. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் மூன்று வாரம் டானிக்கும் ஆன்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். லெவோஃப்ளாக்சசின் மாதிரி சில மருந்துகள் டி.பி. கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். இருமல் குறைந்த மாதிரி தெரியும், நோய் உள்ளேயே இருக்கும். சளி பார்க்காமல் அந்த மருந்து எழுதினால் "டி.பி. டெஸ்ட் எடுத்துட்டுச் சாப்பிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டப்பாவில் துப்ப வேண்டியது எச்சில் அல்ல. காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுக்கும் கெட்டிச் சளி வேண்டும். மாமா முதல் தடவை நுரை நுரையாக எச்சிலைக் கொடுத்துவிட்டு வந்தார். மறுபடி ஒரு நடை. திறந்த வெளியில் நின்று துப்பச் சொல்லுங்கள், நீங்கள் எதிரே நிற்காதீர்கள்.

சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற இயந்திரத்தில் பார்ப்பார்கள். கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அதற்கு வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடும். எங்களுக்கு இரண்டாம் நாள் முடிவு வந்தது. கூடவே ஹெச்.ஐ.வி., சர்க்கரை இரண்டும் எல்லோருக்கும் பார்ப்பார்கள். "எங்க வீட்ல எதுக்கு அந்த டெஸ்ட்?" என்று சண்டை போடாதீர்கள். அந்த இரண்டும் இருந்தால் சிகிச்சையில் கவனிக்க வேண்டியதே மாறும்.

2. முதல் நாள் கையில் இருக்க வேண்டியவை

ஆதார் நகல். வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல். எப்போதும் கையில் இருக்கிற ஒரு செல்போன் எண். இதுவரை எடுத்த எக்ஸ்ரே, ரிப்போர்ட்டுகள். ஆள் ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்க, தைராய்டு, எதுவானாலும். வாயால் சொன்னால் விட்டுப்போகும், அட்டையையே கொண்டுபோங்கள்.

பதிவு செய்ததும் நிக்ஷய் எண் ஒன்று தருவார்கள். நிக்ஷய் என்பது டி.பி. நோயாளிகளுக்கான அரசின் கணினிப் பதிவு. அதைச் செல்போனில் படம் எடுத்துவையுங்கள், பாஸ்புக் அட்டையிலும் எழுதிவையுங்கள். பிறகு எங்கே போனாலும், வேறு ஊருக்கு மாறினாலும், இந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் கதையே. திருப்பூரில் மகனோடு இரண்டு வாரம் இருக்க மாமா போனபோது அங்கே இந்த எண்ணைக் காட்டித்தான் மாத்திரை வாங்கினார்.

தனியார் டாக்டரிடம் பார்க்கிறவர்களும் கவனியுங்கள்: டி.பி. நோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012ல் இருந்து கட்டாயம். தனியாரிடம் பார்த்தாலும் அரசு மாத்திரையும் ஊட்டச்சத்துப் பணமும் உங்களுக்கு உண்டு. "பதிவு பண்ணிட்டீங்களா, நிக்ஷய் எண் என்ன?" என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் 2022ல் இருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. முதல் நாளே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, உடம்பு ரொம்ப மோசமானவர்களை மட்டும் சேர்க்கச் சொல்வார்கள். இதைச் செய்யாமல் மாத்திரையை மட்டும் கையில் கொடுத்தால் நீங்களே கேளுங்கள். டி.பி.யில் பெரும்பாலான சாவு சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்துக்குள்தான். அட்மிட் செய்யச் சொன்னால் "வீட்லயே பாத்துக்கறோம்" என்று கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

3. மாத்திரையின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் இரண்டு மாதம், அதாவது 56 நாள், நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பூட்டால். அடுத்த நான்கு மாதம், 112 நாள், பைரசினமைட் இல்லாமல் மூன்று மருந்து சேர்ந்தது. ஆக மொத்தம் 168 நாள். தினமும், ஞாயிறு தீபாவளி பார்க்காமல்.

எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5, அதற்கு மேல் 6. மாமா 46 கிலோவில் ஆரம்பித்தார், 3 மாத்திரை. நாலாவது மாதம் 52 கிலோ ஆனபோது நான் சொல்லித்தான் 4 ஆக்கினார்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதிவையுங்கள். கிலோ ஏறினால் சந்தோஷப்படுவதோடு நிறுத்தாமல், அளவு மாறுமா என்றும் கேளுங்கள்.

எல்லா மாத்திரையையும் ஒரே நேரத்தில், ஒரே வேளையாக விழுங்க வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரிப்பதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தப்பு. நானும் மூன்று நாள் அப்படித்தான் செய்தேன், வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று. இரத்தத்தில் மருந்து ஓர் உச்சத்துக்குப் போனால்தான் கிருமி சாகும். பிரித்தால் அந்த உச்சமே வராது என்று எஸ்.டி.எஸ். விளக்கினார். எஸ்.டி.எஸ். என்பவர் வட்டாரத்தில் டி.பி. சிகிச்சையை மேற்பார்வை பார்க்கிறவர். அவர் நம்பரை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு மாதத்தில் நான் அதிகம் போன் போட்ட ஆள் அவர்தான், என் கணவர்கூட இரண்டாவதுதான்.

வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுப்பது நல்லது. நாங்கள் காலை ஐந்தரைக்குக் கொடுத்து, ஆறரைக்கு மேல் டீ. ரொம்பக் குமட்டினால் ஒரு இட்லியோடு கொடுக்கலாம் என்றார்கள். விட்டுவிடுவதைவிட அது மேல். ஆனால் வயிற்றெரிச்சலுக்கு என்று ஜெலுசில் மாதிரியான மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஐசோனியாசிட் உடம்பில் சேருவதை அது கெடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

பி6 வைட்டமின் மாத்திரை ஒன்று கூடக் கொடுப்பார்கள். "சத்து மாத்திரைதானே" என்று விடாதீர்கள். ஐசோனியாசிட்டால் கால் மதமதப்பு, எரிச்சல் வராமல் தடுப்பது அதுதான். சர்க்கரைக்காரர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயம் வேண்டும்.

4. எது தொந்தரவு, எது ஆபத்து

இந்தப் பகுதியை மட்டும் அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தாலும் போதும்.

பயப்பட வேண்டாதவை: சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ வருவது. ரிஃபாம்பிசினின் நிறம் அது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மாமா கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, "அம்மாடி, ரத்தமா போவுது" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட வேண்டும், நிரந்தரமாகக் கறை பிடிக்கும். லேசான குமட்டல், வாய்க்கசப்பு முதல் இரண்டு வாரத்தில் வந்து போகும். மூட்டு வலி பைரசினமைட்டால் வரும், பெரும்பாலும் வலி மாத்திரைக்கு அடங்கும். அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அதே நாளில் கிளம்ப வேண்டியவை:

கண் வெள்ளை மஞ்சளாவது, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, விடாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி. கல்லீரல் பாதிப்பு. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேராக மருத்துவமனை.

கண் பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் குழம்புவது. எத்தாம்பூட்டாலால் வரும். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும், தாமதித்தால் திரும்பாமலும் போகலாம்.

உடம்பெல்லாம் தடிப்பு, கூடவே காய்ச்சல், வாயில் புண். மூச்சுத் திணறல். இருமலில் ரத்தம். தூக்கக் கலக்கம் மாதிரி ஆள் தடுமாறுவது. இவற்றுக்கு 108ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

ரிஃபாம்பிசின் நிறத்துக்கும் மஞ்சள் காமாலை நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நான் இரண்டு நாளைத் தொலைத்தேன். ஐந்தாவது வாரம். மாமா சோறு வேண்டாம் என்றார், பிறகு கஞ்சியும் வேண்டாம் என்றார். சிறுநீர் கறுத்துப் போகிறது என்றார். "மாத்திரைக் கலர்தானே மாமா" என்று நானே சமாதானம் சொன்னேன். மாத்திரை நிறம் விழுங்கிய சில மணி நேரத்துக்கு அதிகமாகத் தெரிந்து, சாயங்காலத்துக்குள் வெளிறிவிடும். காமாலை நிறம் நல்லெண்ணெய் மாதிரி, நாள் முழுக்க அதே கறுப்பு. கண்ணைப் பார்ப்பதும் அப்படித்தான்: ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சள்தான். காலை வெயிலில் வாசலுக்குக் கூட்டிவந்து, கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் காலை வாசலில் பார்த்தபோது கண் மஞ்சள் கிழங்காக இருந்தது.

எட்டு நாள் அட்மிட். மாத்திரையை 12 நாள் நிறுத்தினார்கள். கல்லீரல் அளவுகள் இறங்கிய பிறகு ஒவ்வொரு மருந்தாக, சில நாள் இடைவெளி விட்டு, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். நான்கும் ஏறின. எங்கள் ஆறு மாதம் ஏழானது இதனால்தான். நிறுத்துவதும் திரும்ப ஆரம்பிப்பதும் டாக்டர் கையில். நீங்களாக "ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாம்" என்று செய்யாதீர்கள். ஆபத்து அறிகுறி என்றால் மாத்திரையை நிறுத்தியதும் அடுத்த வேலை பஸ் ஏறுவதுதான். சாராயம் இந்த ஆறு மாதமும் ஒரு சொட்டுகூடக் கூடாது. நாட்டு மருந்துப் பொடியும் அப்படியே. காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கச் சொல்லி எங்கள் வீட்டுக்கு மட்டும் நாலு பேர் வந்தார்கள்.

கண்ணுக்கு ஒரு வீட்டுச் சோதனை: தினசரி காலண்டரை ஒரே இடத்தில் மாட்டி, வாரம் ஒரு முறை ஒரே தூரத்தில் ஆளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் சிவப்பு சிவப்பாகத்தான் தெரிகிறதா என்று கேளுங்கள். போன வாரம் படித்த எழுத்தை இந்த வாரம் படிக்க முடியவில்லை என்றால் கண் டாக்டர்.

கடலோரக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணியில் மாமாவுக்கு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடவென்றது. ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு, ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களால் இப்படி வரும் என்றார் டாக்டர். மீனை நிறுத்தவில்லை, சூரையை மட்டும் நிறுத்தினோம்.

5. மற்ற மாத்திரைகளோடு மோதல்

ரிஃபாம்பிசின் மற்ற மருந்துகளைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அது வேலை செய்யாமல் போகலாம். காப்பர் டி, ஆணுறை மாதிரி வேறு வழியைக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, ஹெச்.ஐ.வி. மருந்து எல்லாவற்றுக்கும் அளவு மாற்ற வேண்டிவரலாம். கர்ப்பிணிகள் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாம்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிட்டவர் மாமா. டி.பி. மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரம் வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 260. சோற்றைத் திருடித் தின்கிறார் என்று அத்தை அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. இன்சுலினுக்கு மாற்றினார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் டி.பி.யும் அடங்காது, குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

6. விழுங்கியதைக் கண்ணால் பாருங்கள்

மாத்திரை கொடுத்தேன் என்பது வேறு, விழுங்கினார் என்பது வேறு.

மூன்றாவது மாதம் ஒரு நாள் துணி துவைக்கும்போது மாமாவின் வெள்ளை வேட்டி ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கறை. வெற்றிலை என்று நினைத்தேன். அவர் வெற்றிலை போடுவதை விட்டு வருடம் ஆகிறது. மடிப்பைப் பிரித்தால் ஈரத்தில் பாதி கரைந்த மாத்திரை ஒன்று. கொல்லையில் வாழை மரத்தடியில் மண்ணைக் கிளறினால் இன்னும் எட்டு. மூன்று நாள் மாத்திரை.

கோபம் வந்தது. கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காமால திரும்ப வந்தா நான் எந்திரிக்க மாட்டேம்மா" என்றார். அட்மிட் ஆனதிலிருந்து அவருக்கு நோயைவிட மாத்திரை மேல்தான் பயம். நான் அதைக் கேட்கவே இல்லை, அட்டையைக் கிழித்துக் கையில் கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறேன்.

எஸ்.டி.எஸ்.ஸிடம் மறைக்காமல் சொன்னோம். திட்டவில்லை. விட்டுப்போன நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. தொடர்ந்து ஒரு மாதம் விட்டுவிட்டால்தான் சிகிச்சையை விட்டவர் என்று கணக்கில் வரும், ஆனால் அதற்கு முன்னாலும் விட விட மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் வாய்ப்பு கூடும். ரத்தம் ஒரு தடவை பார்த்து, கல்லீரல் நன்றாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை டாக்டரே மாமாவிடம் படித்துக் காட்டினார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எந்த அறிவுரையையும்விட அதுதான் வேலை செய்தது.

அதன்பின் நான் செய்தது: விழுங்கியதும் எழுந்துபோக விடாமல், காய் நறுக்கிக்கொண்டே பத்து நிமிடம் பேச வைப்பேன். வாயில் மாத்திரையை ஒதுக்கிவைத்துக்கொண்டு வயல் கணக்குப் பேச முடியாது. பையன் எழுந்துவிட்டால் இன்னும் வசதி. "தாத்தா, ஆ காட்டு" என்பான். எனக்குக் காட்டாத வாயை அவனுக்குக் காட்டுவார்.

மாதக் காலண்டரில் தினம் ஒரு கோடு போடுங்கள், காலி அட்டைகளை எறியாதீர்கள். அட்டைக்கு 28 மாத்திரை. கோடும் அட்டையும் ஒத்துப்போக வேண்டும். சில இடங்களில் நம்பர் ஒளிந்திருக்கும் உறையில் அட்டை தருவார்கள், மாத்திரையைப் பிரித்ததும் தெரியும் நம்பருக்கு இலவசமாக அழைத்தால் அன்றைய வேளை பதிவாகும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அழைத்தவர் விழுங்கினாரா என்று அதற்குத் தெரியாது. அடுத்த மாத மாத்திரைக்கு அட்டை தீர ஒரு வாரம் முன்பே போங்கள். கடைசி நாள் போய், ஸ்டாக் இல்லை என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

7. வீட்டில் இருக்கிற மற்றவர்கள்

டி.பி. காற்றில் பரவும். தட்டு, டம்ளர், துணி, படுக்கை வழியாகப் பரவாது. தனித் தட்டு வைத்து மனிதரை நோகடிக்காதீர்கள். சென்னையில் 1956ல் தொடங்கிய ஆய்விலேயே, வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்று பார்த்துவிட்டார்கள். மருந்து ஒழுங்காகப் போனால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை ஜன்னல் திறந்த அறை, மாஸ்க், தனிப் படுக்கை, குழந்தையை மடியில் வைக்காமல் இருப்பது. துப்புவதற்கு மூடி போட்ட டப்பாவில் பினாயில் ஊற்றி வையுங்கள். தினமும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள்.

வீட்டில் எல்லோரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள். வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம், அல்லது தினமும் ஆறு மாதம். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. அத்தை "எனக்கென்ன நோயா?" என்று மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு, பேரன் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் சம்மதித்தார்.

8. பணம்

ஊட்டச்சத்துக்காக நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 2024 நவம்பருக்கு முன்பு 500 ஆக இருந்தது, பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். மாதாமாதம் வராது: ஆரம்பத்தில் 3000, சிகிச்சையில் 84 நாள் முடிந்த பிறகு 3000.

பணம் நிற்பது பெரும்பாலும் வங்கியில்தான். மாமாவின் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருந்தது, பாஸ்புக்கில் பழைய எண். ஆறு வாரம் எங்கே தடை என்றே தெரியவில்லை. பதிவுக்கு முன்பே வங்கிக்குப் போய், கணக்கு உயிரோடு இருக்கிறதா, புது எண் என்ன, ஆதார் பெயரும் பாஸ்புக் பெயரும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். வருடக்கணக்கில் பணம் போட்டு எடுக்காத கணக்கு முடங்கியிருக்கும். நோயாளிக்குக் கணக்கே இல்லையென்றால் குடும்பத்தார் கணக்கைச் சம்மதக் கடிதத்தோடு கொடுக்க முடியுமா என்று எஸ்.டி.எஸ்.ஸிடம் கேளுங்கள். சந்தேகத்துக்கு நிக்ஷய் சம்பர்க் உதவி எண் 1800-11-6666, இலவசம். விவசாயக் குடும்பம் என்றால் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உதவி உண்டா என்று தாலுகா அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் செலவு: நோய் என்னவென்று தெரியும் முன் கிளினிக், ஸ்கேன், டானிக் என்று 11,000 ரூபாய்க்கு மேல். தெரிந்த பிறகு மாத்திரை, சளி, எக்ஸ்ரே எல்லாம் இலவசம். அவசரத்தில் வெளியே எடுத்த ரத்தப் பரிசோதனைகளுக்கு 1,800, பஸ் ஆட்டோவுக்கு 4,000 சொச்சம். அட்மிட் ஆன எட்டு நாள் எனக்குச் சாப்பாடு தனி.

9. சாப்பாடு

மாதம் ஆயிரம் என்றால் நாளுக்கு 33 ரூபாய். இரண்டு முட்டை, ஒரு கை வறுத்த வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், அதற்குள் முடிந்துவிடும். கீரையும் சுண்டலும் வீட்டுக் கணக்கு. "டி.பி.க்காரருக்கு முட்டை சூடு, தயிர் சளி" என்று பத்தியம் சொல்கிறவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023ல் வெளியான ஆய்வில், நோயாளி வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்கு டி.பி. வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஆகவே முட்டையை நோயாளிக்கு மட்டும் ஒளித்துவைக்காதீர்கள், அத்தைக்கும் ஒன்று அவியுங்கள்.

10. இடையிலும் கடைசியிலும் பரிசோதனை

இரண்டு மாத முடிவில் சளி. கிருமி இன்னும் இருந்தால் மருந்துக்கு அடங்குகிறதா என்று மறுபடி பார்ப்பார்கள். ஆறாம் மாத முடிவில் மீண்டும். சளியே வரவில்லை என்று போகாமல் இருக்காதீர்கள், முயற்சி செய்து பார்த்து எக்ஸ்ரேயாவது எடுப்பார்கள். கடைசி முடிவைத் தாளில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு வேறு மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் பழைய தழும்பைப் பார்த்து மறுபடி டி.பி. என்று யாராவது ஆரம்பித்தால் அதுதான் பதில். முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டு வருடம், 6, 12, 18, 24ஆம் மாதங்களில் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்குக் கடைசிப் பொறி ஒன்று இருக்கிறது. ரிஃபாம்பிசின் நின்றதும் இரண்டு வாரத்துக்குள் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும், கூட்டி வைத்த சர்க்கரை மருந்து திடீரென்று அதிகமாகிவிடும். மாத்திரை முடிந்த சந்தோஷத்தில் நாங்கள் குளுக்கோமீட்டரை மேல் அலமாரியில் வைத்துவிட்டோம். பத்தாம் நாள் விடிகாலை மாமா வேர்த்துக் கொட்டிப் பேச்சுக் குழறி உட்கார்ந்திருந்தார். அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால் 58. இரண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து ஆளைத் தேற்றி, அன்றே போய் இன்சுலின் அளவைக் குறைத்து எழுதி வாங்கிவந்தேன். டி.பி. மாத்திரை முடியும் நாள் எது என்று சர்க்கரை டாக்டரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.